கைபட்ட பொருள்

கடையில் விலை கொடுத்து வாங்கிய ஒரு பொருள் எப்பொழுது நம்முடையதாகின்றது? பணத்தைச் செலுத்திப் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொண்ட கணத்திலேயே அது நம்முடையதாகிவிடுகின்றது என்று சட்டம் கூறும். வழக்கு மன்றத்துக்கு இந்த விடை போதும். மனித மனத்துக்கு இது போதவில்லை என்பதற்கு நம்மைச் சுற்றிலும் எத்தனையோ சான்றுகள் உள்ளன. புதிதாக வாங்கிய சைக்கிளின் மட்காட்டில் பெயர் எழுதுகின்றோம். பித்தளைச் செம்பில் எழுத்து வெட்டுவிக்கின்றோம். பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு உறையிட்டு, அந்த உறையின் மேல் பிள்ளைகள் பூக்கொடி வரைகின்றனர். விலை செய்து முடிக்காத ஏதோ ஒரு காரியத்தைக் கை செய்து முடிக்க வேண்டியிருக்கின்றது.

இந்தப் பழைய ஆசை இன்று ஒரு புதிய பொருளின் மேல் படிந்திருக்கின்றது. தலைக்குக் குறுக்கே வளைந்து இரு காதுகளையும் மூடும் ஹெட்போனை வாங்கி வந்து, வீட்டிலேயே கழற்றி, தாம் விரும்பிய நிறத்தில் வர்ணம் பூசிக்கொள்ளும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இளைஞர்களிடையே வளர்ந்துள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டில், பருத்தித்துறை வீதியில் கோப்பாயைத் தாண்டியதும், செம்மண்ணும் வாழைத் தோட்டங்களுமாய் விரியும் நீர்வேலியில் ஓர் இளைஞன் இக்காரியத்தைச் செய்ய முற்படுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவன் செய்வது வீண் வேலையா? ஆடம்பரமா? சமுதாயம் கவனிக்கத்தக்க பொருள் ஏதேனும் அதில் உண்டா? கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆயினும், மனிதனுக்கும் அவன் பயன்படுத்தும் பொருளுக்கும் இடையே உள்ள உறவு எத்தகையது, கையால் செய்யும் வேலைக்கு நம் சமுதாயம் என்ன மதிப்பு அளிக்கின்றது என்னும் பெரிய கேள்விகள் இந்தச் சிறிய கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன.

*

முதலில் அந்த வேலையின் இயல்பைப் பார்ப்போம். வேலையை அறியாமலே அதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பேசுவது படித்த வர்க்கத்தாரின் நெடுநாளைய பழக்கம். அதை இங்கே தவிர்ப்போம்.

காது மெத்தைகளை முதலில் கழற்ற வேண்டும். மெத்தைக்கு அடியில் மறைந்திருக்கும் சிறு திருகாணிகளைத் திருப்புளியால் திருகி எடுத்து, கிண்ணம் போன்ற ஓட்டைத் தனியே பிரிக்க வேண்டும். உள்ளே ஒரு காந்தம். அதன் இடுக்கில் மயிரிழை போன்ற கம்பியாலான ஒரு சுருள். சுருளோடு ஒட்டிய மெல்லிய சவ்வு. மின்னோட்டம் சுருளில் மாறி மாறிப் பாயும்போது சவ்வு அதிர்கின்றது. அந்த அதிர்வே பாட்டாகவும் பேச்சாகவும் காதை வந்தடைகின்றது. இவற்றின் மேல் வர்ணத்தின் ஒரு துளியும் படக்கூடாது. ஓட்டின் பின்புறத்தில் சிறு துளைகள் சில இருக்கலாம். அவை அழகுக்காக இடப்பட்டவை என்று எண்ணி வர்ணத்தால் அடைத்துவிட்டால், உள்ளிருக்கும் காற்றின் போக்குவரத்துத் தடைப்பட்டுத் தாழ்ந்த சுருதிகளின் ஒலி மாறிப்போகும். எதைப் பூச வேண்டும் என்பதைக் காட்டிலும் எதைப் பூசாமல் விட வேண்டும் என்பதையே பூசுபவன் முதலில் அறிய வேண்டியிருக்கின்றது.

அதன் பின், ஓட்டின் மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேய்த்து அதன் மினுக்கத்தைப் போக்க வேண்டும். மினுங்கும் பிளாஸ்டிக்கில் வர்ணம் பற்றாது. விரல் பட்ட எண்ணெய்ப் பசையை மதுசாரத்தால் துடைக்க வேண்டும். பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள அடிப்பூச்சை இட்டுக் காயவைத்து, வர்ணத்தை மெல்லிய படலங்களாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்றாகத் தெளிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே தடவையில் தடிப்பாகத் தெளித்தால் அது வழிந்து கண்ணீர்க் கோடாக உறைந்துவிடும். கடைசியில் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று. தொட்டால் ஒட்டாத நிலை சில மணி நேரத்தில் வந்துவிடும். உள்ளும் புறமும் இறுகப் பல நாட்கள் செல்லும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது தெளித்தால் பூச்சுப் பால் படிந்தாற்போல் வெளிறிவிடும். மழையற்ற காலத்தில் தெளித்தாலோ, செம்மண் புழுதி பறந்து வந்து ஈர வர்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மழை ஓய்ந்த ஒரு நாளை, காற்று எழுவதற்கு முந்திய ஒரு வேளையை அவன் பார்த்திருக்க வேண்டும்.

பணம் கொடுத்து ஒரு பொருளை வாங்கச் சில நிமிடங்கள் போதும். அதே பொருளின் மேல் ஒரு நிறத்தை நிலைக்கச் செய்வதற்கு அறிவும் பொறுமையும், வானத்தையும் காற்றையும் பார்க்கும் பழக்கமும் வேண்டியிருக்கின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறம் என்பது மேற்பரப்பின் விஷயம். ஆனால், மேற்பரப்பை ஒழுங்காகத் தீண்ட வேண்டுமானால் பொருளைத் திறந்து உள்ளே பார்க்காமல் முடியாது. வாங்கியவன் பார்க்கத் தேவையில்லை என்று மூடி வைக்கப்பட்டிருந்ததை அவன் பார்த்துவிடுகின்றான். அவனுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு அந்த இடத்திலேயே மாறத் தொடங்குகின்றது.

*

ஹெட்போனின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு, இந்த இளைஞனின் செயல் பொருள் தன் பிறந்தகம் திரும்பியதைப் போலத் தோன்றும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியல் போல்ட்வின் என்பவர் 1910 இல் தாம் செய்த ஹெட்போனை அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அதைச் சோதித்துப் பார்த்த கடற்படையினர் மேலும் வேண்டும் என்று கேட்டபோது, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் தம்மால் செய்து தர இயலாது என்றார். ஏனெனில் அவர் அவற்றைத் தம் வீட்டுச் சமையலறையில் கையாலேயே செய்துகொண்டிருந்தார். பின்னர் அது தொழிற்சாலைப் பண்டமாயிற்று. 1979 ஜூலையில் ஜப்பானின் சோனி நிறுவனம் வோக்மன் என்னும் சிறு ஒலிநாடாக் கருவியை 33,000 யென்னுக்கு விற்பனைக்கு விட்டபோது, தெருவில் நடப்பவன் தன் காதுக்கு மட்டும் ஒரு பாட்டை வைத்துக்கொள்ளும் காலம் பிறந்தது. 2001 இல் ஐபொட் வந்தது. அதனோடு வந்த வெள்ளைக் கம்பியும் வெள்ளைக் காதுக்குமிழும் எந்த நிறுவனத்தின் பண்டம் இது என்பதைத் தூரத்திலிருந்தே அறிவித்தன. அணிந்தவன் தன்னையறியாமல் விளம்பரப் பலகையானான். நிறம் அணிந்தவனுக்குச் சொந்தமாயிருக்கவில்லை, விற்றவனுக்கே சொந்தமாயிருந்தது.

இந்த நிலையில், தன் நிறத்தைத் தானே தீர்மானிப்பேன் என்று ஒருவன் புறப்படுவதை விடுதலையின் அறிகுறியாகக் கொண்டாடிவிடலாமா? அவசரப்படக் கூடாது. சந்தை எதையும் விற்கும் ஆற்றல் படைத்தது; தனித்துவத்தையும் விற்கும். வேண்டிய நிறத்தைத் தேர்ந்து சொல்லுங்கள், உங்கள் பெயரையும் பொறித்து அனுப்புகின்றோம் என்று கூறும் நிறுவனங்கள் இன்று உள்ளன. சற்று மேலதிகப் பணம் கொடுத்தால் எவரிடமும் இல்லாத ஒரு ஹெட்போன் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். தனித்துவம் என்பது பிறரிடமிருந்து வேறுபட்டுத் தோன்றுவது மட்டுமே என்றால், அதை வாங்குவதற்கும் செய்வதற்கும் வேறுபாடு இல்லை. ஆகவே, நீர்வேலி இளைஞன் தேர்ந்த நிறம் நீலமா, மஞ்சளா என்பதில் நமக்கு அக்கறையில்லை. அவனுடைய செயலுக்கு மதிப்பு இருக்குமாயின், அந்த மதிப்பு நிறத்தில் இல்லை, கையில் இருக்கின்றது.

கையின் மதிப்பைப் பற்றிப் பேசிய ஐரோப்பியத் தத்துவவாதிகளுள் 17 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜோன் லொக் முக்கியமானவர். இயற்கைப் பொருளோடு மனிதன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடைய உடைமையாகின்றது என்பது அவர் கொள்கை. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆனால், தம் வேலையாள் வெட்டிய புற்கரணையும் தம்முடைய உடைமையே என்று அதே நூலில் அவர் எழுதத் தயங்கவில்லை. உழைத்த கை ஒன்று. உடைமை சென்று சேர்ந்த கை வேறொன்று! இந்த முரண்பாட்டையே பின்னாளில் கார்ல் மார்க்ஸ் 1844 ஆம் ஆண்டின் கையெழுத்துப் படிகளில் விரித்து ஆராய்ந்தார். தான் ஆக்கிய பொருளே தனக்கு அந்நியமாகி எதிரே நிற்பதைத் தொழிலாளி காண்கின்றான் என்று அவர் காட்டினார். நம் காலத்தில் அந்த அந்நியம் மறுகரைக்கும் பரவிவிட்டது. செய்தவனுக்கு மட்டுமன்றி, வாங்கியவனுக்கும் பொருள் அந்நியமாகவே இருக்கின்றது. அது எப்படி இயங்குகின்றது என்று அவன் அறியான். பழுதடைந்தால் திறக்க மாட்டான். சில ஹெட்போன்களைத் திறக்கவே முடியாதபடி ஒட்டித்தான் விற்கின்றனர். மின்கலம் சோர்ந்ததும் முழுப் பொருளையும் எறிவதைத் தவிர வேறு வழியில்லை. இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் நிறைவேற்றிய மின்கல ஒழுங்குவிதி, கையடக்கக் கருவிகளின் மின்கலங்களைப் பயன்படுத்துவோரே கழற்றி மாற்றத்தக்கவாறு அமைக்க வேண்டும் என்று விதித்து, அதற்கு 2027 பெப்ரவரியைத் தவணையாகக் குறித்தது. வாங்கியவனுக்குத் தன் பொருளைத் திறக்கும் உரிமை உண்டு என்பதைச் சட்டம் போட்டு நிலைநாட்ட வேண்டிய காலத்தில் நாம் வாழ்கின்றோம்.

*

இனி நம் மண்ணுக்கு வருவோம். கைவேலை என்பது யாழ்ப்பாணத்தில் வெறும் கைவேலையாக என்றும் இருந்ததில்லை. இரும்பை அடிப்பவன் ஒரு சாதி, மரத்தைச் செதுக்குபவன் ஒரு சாதி, மண்ணை வனைபவன் ஒரு சாதி என்று பிறப்பே தொழிலை விதித்தது. விதிக்கப்பட்டவன் அதை விட்டு விலக முடியாது. விதிக்கப்படாதவன் அதைத் தொடுவது இழிவு. பின்னர் ஆங்கிலக் கல்வி வந்தது. கோழி மேய்த்தாலும் கவுண்மேந்தில் மேய்க்க வேண்டும் என்னும் பழமொழி பிறந்தது. கோழி மேய்ப்பதில் இழிவில்லையாம். சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லாமற் போவதே இழிவாம்! கையை அழுக்காக்கிக்கொள்ளாமல் வாழ்வதே உயர்வு என்னும் எண்ணம் இவ்வாறு சாதியாலும் உத்தியோகத்தாலும் இருமுறை உறுதிப்பட்டது.

கோயில்களைப் பாருங்கள். குடமுழுக்குக்கு முன் கோபுரத்துக்குப் புது வர்ணம் தீட்டப்படுகின்றது. திருவிழாவுக்கு முன் வாகனங்கள் பொலிவு பெறுகின்றன. பலகையில் யாருடைய பெயர் இருக்கின்றது? உபயகாரரின் பெயர். மின்குமிழிலிருந்து மண்டபத் தூண் வரை அவர் பெயரைக் காணலாம். சாரத்தில் ஏறி நின்று, கழுத்து நோக, சுதைச் சிற்பத்தின் கண்ணுக்கு உயிர் கொடுத்தவனின் பெயரைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது. விலை கொடுத்தவனுக்கே பெயர், கைவைத்தவனுக்குக் கூலி என்பதை நம் சமுதாயம் கல்லில் வெட்டி வைத்திருக்கின்றது.

யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வந்த முத்துக்குமாரசாமியின் மகனான ஆனந்த குமாரசாமி கைத்தொழிலின் உயர்வை உலகறியச் செய்தவர். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் பெருநூலை 1908 இல் அவர் வெளியிட்டபோது, இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் பயன்படுத்திய கை அச்சுப்பொறியிலேயே அதனை அச்சிட்டார். இயந்திரப் பண்டங்களின் வருகையால் இந்நாட்டுக் கைவினை அழிவதைக் கண்டு அவர் கொண்ட துயரம் உண்மையானது. பயனையும் அழகையும் பிரிக்கலாகாது என்று அவர் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தினார். ஆனால், அவர் போற்றிய கைவினையுலகம் பிறப்பின் அடிப்படையில் கட்டப்பட்டது. அந்தக் கட்டமைப்புக்காகவும் அவர் வாதாடினார். அங்கே கம்மியனுக்குத் திறமை இருந்தது. தன் தொழிலைத் தேரும் சுதந்திரம் இருக்கவில்லை. இன்றைய நுகர்வோனுக்கோ தேரும் சுதந்திரம் ஏராளமாக இருக்கின்றது. கையில் திறமை இல்லை. பழைமை திறமையைத் தந்து சுதந்திரத்தைப் பறித்தது. புதுமை சுதந்திரத்தைத் தந்து திறமையைப் பறித்தது.

வீட்டு முற்றத்தில் உப்புத்தாளோடு உட்கார்ந்திருக்கும் இளைஞனின் செயல் முக்கியத்துவம் பெறுவது இந்த இடத்தில்தான். அவனை அந்த வேலைக்குப் பிறப்பு விதிக்கவில்லை. கூலியும் அவனை அங்கே இருத்தவில்லை. தானாக விரும்பி ஒரு தொழிலின் நுட்பத்தைக் கற்றுக் கையை அழுக்காக்கிக்கொள்கின்றான். திறமையும் சுதந்திரமும் ஒரே கையில் சிறிது நேரமாவது சந்திக்கின்றன. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலிலும் தேநீர்க்கடையிலும் சாதியின் பேரால் ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கியது. கைவேலை மேல் உள்ள இளக்காரத்தை எந்தச் சட்டத்தாலும் விலக்க முடியாது. கைகளே அதை விலக்க வேண்டும்.

வேறொரு துணிவும் அவனுக்குத் தேவைப்படுகின்றது. நம் ஊர்களில் இத்தகைய பொருள்கள் பல வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுப்பவை. மேலே பொறித்துள்ள நிறுவனத்தின் பெயருக்காகவே அவற்றுக்கு மதிப்பு. பூச்சு விழுந்ததும் அந்தப் பெயர் மறைந்துவிடுகின்றது. விற்றாலும் விலை போகாது. நிறுவனத்தின் உத்தரவாதமும் போய்விடும். “இவ்வளவு விலையான சாமானைப் பழுதாக்கிவிட்டாயே, தம்பி!” என்று வீட்டார் வருந்துவர். அவர்கள் வருத்தம் பொய்யானதன்று. கனடாவிலோ லண்டனிலோ ஒரு மாமன் இரவு வேலை செய்து சேர்த்த பணம் அதில் இருக்கின்றது. ஆனால், அந்த உழைப்பை மதிப்பதற்கு வழி நிறுவனத்தின் பெயரைத் துடைத்துத் துடைத்து வைத்திருப்பதா? பொருளை அறிந்து, பழுது வந்தால் திருத்தி, பல்லாண்டு பயன்படுத்துவது மாமனின் உழைப்புக்கு அதைவிட மேலான மரியாதை என்றே தோன்றுகின்றது.

பிறர் ஆக்கியதன் மேல் தன் நிறத்தைப் பூசினால் அது தன்னுடையதாகிவிடுமா என்று கேட்பவர்களுக்கு நீர்வேலியிலேயே ஒரு விடை உண்டு. அங்குள்ள அரசகேசரிப் பிள்ளையார் கோயில் தாங்கி நிற்கும் பெயர், நல்லூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த புலவர் அரசகேசரியின் பெயர். காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழில் பாடியவர் அவர். கதை அவருடையதன்று, காவியத்தின் கட்டுமானமும் அவருடையதன்று. ஆயினும், அந்தத் தமிழ்நூலை அரசகேசரியின் இரகுவமிசம் என்றே கூறுகின்றோம். மூலத்தைத் திறந்து உள்ளே புகுந்து உழைத்தவனுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. அதே வேளையில் காளிதாசனின் பெயரையும் நாம் மறைக்கவில்லை. உடைமையின் நாகரிகம் இதுதான்: தன் பங்கைக் கூறிக்கொள்ளலாம், முந்தியோர் பங்கை மறைக்கலாகாது.

*

பொருளைத் திறக்கும் துணிவு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. எரிபொருளும் வானொலிக்கு வேண்டிய பற்றரியும் தடைப்பட்டன. உலகச் செய்தியை அறிய வானொலியைத் தவிர வேறு வழியில்லை. மக்கள் என்ன செய்தனர்? சைக்கிளின் பின் சில்லை நிலத்தில் படாமல் தூக்கி நிறுத்தினர். டயரோடு உராயும் டைனமோ, விளக்கெரிப்பதற்காக 6 வோல்ட் அளவில் மாறுமின்னோட்டத்தைத் தருவது. வானொலிக்கு வேண்டியதோ நேர்மின்னோட்டம். சிறு டயோடுகளை இடையில் இணைத்து அதனை நேராக்கினர். ஒருவர் மிதிக்க, சுற்றியிருந்தவர்கள் பி.பி.சி. தமிழோசையைக் கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் குரல் தேயும். உடனே மற்றொருவர் ஏறி மிதிப்பார்.

வானொலிப் பெட்டி அந்த ஆண்டுகளில் யாருடையதாக இருந்தது? பற்றுச்சீட்டு வைத்திருந்தவருடையது என்று சொன்னால் அது அரைகுறையான விடை. டயோடை இணைக்கத் தெரிந்தவருக்கும் அதில் பங்கு இருந்தது. மிதித்த கால்களுக்கும் பங்கு இருந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுவாசல்களை விட்டுப் பெயர நேர்ந்தபோது, உடைமை என்பதன் நிலையாமை எல்லோருக்கும் விளங்கிற்று. காணி உறுதிகள் பைக்குள் இருந்தன. காணிகள் பின்னால் நின்றுவிட்டன. கையறிவு மாத்திரம் கையோடு சென்றது. எந்தக் கொட்டிலில் தங்க நேர்ந்தாலும், திருத்தத் தெரிந்தவனைத் தேடி மக்கள் வந்தனர்.

அந்தத் தலைமுறையின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று ஹெட்போன் அணிகின்றனர். வறுமையும் தடையும் கற்பித்த பாடத்தை வசதி மறக்கச் செய்துவிடுமோ என்பதே நம் கவலை. மீண்டும் பற்றாக்குறை வர வேண்டும் என்று எவரும் விரும்பார். தேவை கட்டாயப்படுத்தாத போதும் கை தன் அறிவைப் பேண வேண்டும் என்றுதான் விரும்புகின்றோம்.

*

இவ்வளவு சொன்ன பின், இச்செயலின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். டைனமோ வானொலியைப் பலர் சேர்ந்து கேட்டனர். ஹெட்போன் ஒருவனின் காதை மட்டும் நிரப்பி, மற்றவர்களின் குரலை வெளியே நிறுத்துகின்றது. இந்த ஆபத்தை அதைச் செய்தவர்களே முதலில் உணர்ந்திருந்தனர். சோனியின் முதல் வோக்மனில் இருவர் சேர்ந்து கேட்பதற்கென்று இரண்டு துவாரங்கள் இருந்தன. எதிரிலிருப்பவர் பேசினால் கேட்பதற்கென்று ஒரு பொத்தானும் இருந்தது. தனியே கேட்பது பிறரை அவமதிப்பதாகும் என்று அந்நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டா அஞ்சினார். பின் வந்த கருவிகளில் அவை மறைந்தன. வாங்கியவர்கள் தனிமையையே விரும்பினர் என்று நிறுவனம் கண்டுகொண்டது.

எவ்வளவு அழகாகப் பூசினாலும், ஹெட்போன் அணிந்தவன் தாய் கூப்பிடுவதைக் கேளாதிருந்தால் அந்த அழகால் என்ன பயன்? அழைக்கும் குரல்கள் இன்னும் பல உள்ளன. ஹெட்போனின் காந்தங்களிற் பல நியோடைமியம் என்னும் அருமண் உலோகம் கலந்தவை. உலகின் அருமண் உலோகங்களில் பெரும்பகுதி சீனத்துச் சுரங்கங்களிலிருந்து வருகின்றது. மயிரிழைச் சுருளை அதன் இடத்தில் பொருத்தியவர்கள் எங்கோ ஒரு தொழிற்சாலையில் வரிசையாக அமர்ந்திருப்பவர்கள். அன்று மிதித்தவர் கண்முன் இருந்தார். அவருக்குக் களைப்பு வந்தது நமக்குத் தெரிந்தது. இன்று மிதிப்பவர்களை நாம் காண்பதில்லை. ஓட்டைத் திறக்கும்போது உள்ளே தெரியும் நுண்ணிய வேலைப்பாட்டைக் கண்டு, “இதைச் செய்த கை யாருடையது?” என்று ஒரு கணம் நினைக்காதவன் பொருளைப் பாதிதான் திறந்திருக்கின்றான்.

நம்மூரிலேயே காணக்கூடிய கையும் ஒன்று உண்டு. வீட்டில் ஒரு நாள் வர்ணம் தெளிப்பவனுக்கு, வெளியில் வைத்துத் தெளி, மூக்கை மூடிக்கொள் என்று அறிவுரை கூறுகின்றோம். நல்ல அறிவுரைதான். வாகனம் திருத்தும் கொட்டில்களில் ஆண்டு முழுதும் வர்ணம் தெளிப்பவர்களைப் பற்றி நினைத்துப் பார்த்தோமா? இரு கூட்டு வர்ணங்களை இறுக வைப்பதற்குக் கலக்கும் மருந்துகளில் உள்ள ஐசோசயனேட் என்னும் பொருள் நாளடைவில் ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அதைச் சுவாசிப்பவர்கள் இருக்கின்றனர். வர்ணத்தின் நெடியை ஒரு நாளேனும் தன் தொண்டையில் உணர்ந்தவனுக்கு அவர்களுடைய நெஞ்சின் நிலை விளங்க வேண்டும். பொழுதுபோக்காகக் கைவைத்தவன், பிழைப்புக்காகக் கைவைப்பவனின் தோழனாக மாறுவானாயின், அந்தப் பொழுதுபோக்குக்குச் சமுதாயப் பெறுமதி உண்டு. மாறாதவனுக்கு அது மினுங்கும் ஓர் ஓடு மாத்திரமே.

ஆகவே, பொருள் எப்பொழுது நம்முடையதாகின்றது என்னும் கேள்விக்கு இவ்வாறு விடை கூறலாம்: விலை நமக்கு அதை வைத்திருக்கும் உரிமையைத் தருகின்றது, கை அதனோடு உறவைத் தருகின்றது, அந்த உறவு மெய்யானது என்பதற்குச் சான்று, அதன் பொருட்டு நாம் ஏற்கும் பொறுப்பு. பொருளைப் பழுதுபார்க்கும் பொறுப்பும், அதைச் செய்தவர்களை மறவாத பொறுப்பும், அதை அணிந்துகொண்டு அயலாரை மறவாத பொறுப்பும் அதில் அடங்கும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் உயர்தர வகுப்புக்குத் தொழினுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. ஆயினும், வைத்தியமும் பொறியியலும் கிடைக்காதவர்கள் போகும் இடம் என்றே அதைப் பலர் கருதுகின்றனர். பாடத்திட்டத்தால் மட்டும் இந்த மனப்பான்மை மாறாது. உங்கள் பிள்ளை ஒரு பொருளைக் கழற்றி முற்றத்தில் பரப்பி வைத்திருப்பதைக் கண்டால், விலையை நினைத்து உடனே கோபிக்க வேண்டாம். முதல் தடவை வர்ணம் வழியும். இரண்டாம் தடவை புழுதி ஒட்டும். அதைத் தேய்த்துவிட்டு மீண்டும் பூசுவதற்கு அவனுக்கு நேரம் கொடுங்கள். பக்கத்தில் அமர்ந்து, உள்ளே இருப்பது என்னவென்று அவனிடமே கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவன் விளக்கிச் சொல்லும்போது, அவன் காதில் ஹெட்போன் இராது.